பழைய வேன்களில் எஞ்சின் தடுமாற்றம்: காரணங்களும் நிவர்த்தியும்

திருவண்ணாமலையை அடுத்த கிராமங்களிலிருந்து கீரை, கத்தரி, பூ முதலியவற்றை விடியுமுன் நகரச் சந்தைக்குக் கொண்டுசெல்லும் விவசாயிக்குப் பழைய வேன் ஒன்று பெரிய உதவியாகும். ஆனால் எஞ்சின் தடுமாறி வண்டி பாதிவழியில் நின்றுவிடின், வெயில் ஏறிய பின் வாடிய கீரைக்கு விலை கிடைப்பதில்லை. இக்கோளாற்றைப் பட்டறைகளில் ‘மிஸ்ஸிங்’ என்பர். காரணத்தை ஆராயாமல் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் புதிதாக மாற்றிப் பணத்தை வீணாக்குவோர் பலர். முறையாகச் சோதிப்பின், பெரும்பாலும் சிறு செலவிலேயே நிவர்த்தி காணலாம்.

1984-ஆம் வருஷத்தில் வெளிவந்து, 2019-இல் உற்பத்தி நிறுத்தப்பட்ட மாருதி ஆம்னி வேனை இங்கு உதாரணமாகக் கொள்ளலாம். இதன் எஞ்சின் 796 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் 3 ஸிலிண்டர்களும் உடையது. முன் ஆசனங்களின் அடியில் அமைந்தது. ஒரு ஸிலிண்டர் வேலை செய்யாவிடின், மூவர் சுமக்கும் பாரத்தை இருவர் சுமப்பது போலாகும். அன்றியும், எரியாத பெட்ரோல் ஸிலிண்டர் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவிப் பிஸ்டன் வளையங்களைத் தேயச் செய்யும். ஆகையால் தாமதித்தல் கூடாது. கீழ்க்கண்ட முறை கார்புரேட்டர் பொருத்திய பழைய மாதிரிகளுக்கே உரியது.

குறையுள்ள ஸிலிண்டரைக் கண்டறிதல்

பெட்ரோல் கசிவோ வாசனையோ இருப்பின், முதலில் அதை நிறுத்திய பின்னரே சோதிக்க வேண்டும். எஞ்சினை நிறுத்தி, ஒரு ஸிலிண்டரின் பிளக் கம்பியைக் கழற்றி, உபரி பிளக் ஒன்றில் செருகி, அப்பிளக்கின் உலோகப் பகுதி எஞ்சினில் நன்கு படும்படி வைத்துவிட்டு எஞ்சினை ஓட்டவேண்டும். கம்பியில் பல்லாயிரம் வோல்ட் மின்சாரம் பாயுமாதலால் அதனைத் தொடலாகாது. எஞ்சினின் ஓட்டம் முன்னிலும் தளர்ந்தால் அந்த ஸிலிண்டர் நல்லது. மாறுதல் ஒன்றும் இல்லையேல் குறை அதிலேயே உள்ளது. மூன்றையும் இவ்வாறே சோதிக்க வேண்டும்.

தீப்பொறி

உபரி பிளக்கில் பளிச்சென்ற நீலப்பொறி தோன்றுமாயின், கம்பிவரை மின்சாரம் சரியாக வருகிறது. பின் அந்த ஸிலிண்டரின் பிளக்கை நல்ல ஸிலிண்டரின் பிளக்கோடு மாற்றிப் போடவேண்டும். கோளாறும் உடன் சென்றால் பிளக்கே காரணம். ஒரு சமயத்தில் ஓர் உறுப்பை மட்டுமே மாற்றுதல் வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால் எதனால் குணமாயிற்று என்பது விளங்காது.

கழற்றிய பிளக்கின் நிறமும் காரணத்தைக் காட்டும். இளம்பழுப்பு நிறம் நல்லது. உலர்ந்த கரி படிந்திருப்பின் பெட்ரோல் மிகுதி. எண்ணெய்ப் பிசுக்கு இருப்பின் வளையத் தேய்மானம். வெளுத்திருப்பின் பெட்ரோல் குறைவு அல்லது அதிக உஷ்ணம். பிளக்கின் இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர் வரை இருத்தல் வேண்டும்.

பொறி மங்கலாயின், கம்பியையும் டிஸ்டிரிபியூட்டர் மூடியையும் பார்க்கவேண்டும். மழைநாட்களில் மட்டும் தடுமாறும் வண்டியில் மூடியின் உட்புற ஈரமோ மயிரிழை வெடிப்போ இருக்கலாம். இருட்டில் எஞ்சினை ஓட்டிப் பார்த்தால் மின்சாரம் கசியும் இடத்தில் நீலப்பொறிகள் தெரியும். மூன்று ஸிலிண்டர்களிலும் பொறி மங்கலாயின், பாயிண்ட், கண்டென்சர், காயில் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். பாயிண்ட் இடைவெளி 0.4 முதல் 0.5 மில்லிமீட்டர் வரை இருப்பது முறை.

பெட்ரோல்

பொறி நன்றாக இருந்தும், பாரம் ஏற்றி மேட்டில் ஏறுகையில் மட்டும் எஞ்சின் திணறினால், வடிகட்டியையும் கார்புரேட்டர் ஜெட்டுகளையும் கவனிக்க வேண்டும். ஜெட்டைக் காற்றடித்துச் சுத்தம் செய்வதே முறை. கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிவிடும். கரும்பு, மக்காச்சோளம் முதலியவற்றினின்று எடுக்கப்படும் எத்தனாலைப் பெட்ரோலில் 20 சதவீதம் கலக்கும் நிலை இந்தியாவில் 2025-இல் எட்டப்பட்டது. எத்தனால் நீரை ஈர்க்கும் குணமுடையது. பழைய ரப்பர்க் குழாய்களையும் கெடுக்கக்கூடும். எனவே நெடுநாள் நின்ற வண்டியில் தொட்டியின் அடியில் நீர் தங்கியுள்ளதா என்றும், குழாய்கள் உப்பியோ வெடித்தோ உள்ளனவா என்றும் பார்த்தல் அவசியம்.

அழுத்தம்

பொறியும் பெட்ரோலும் சரியாயிருந்தும் ஒரு ஸிலிண்டர் வேலை செய்யாவிடின், பட்டறையில் அழுத்தத்தை அளந்து பார்க்கவேண்டும். அழுத்தம் குறைந்த ஸிலிண்டரில் சிறிது எஞ்சின் எண்ணெய் விட்டு மறுபடி அளந்தால், அளவு உயருமாயின் வளையங்கள் தேய்ந்துள்ளன. உயராவிடின் வால்வோ ஹெட் காஸ்கெட்டோ குறையுடையது. அடுத்தடுத்த இரண்டு ஸிலிண்டர்களில் ஒருங்கே அழுத்தம் குறைந்திருப்பின், அவற்றின் நடுவே காஸ்கெட் போயிருத்தல் கூடும்.

வண்டி வைத்திருக்கும் விவசாயிகளும், ஊராட்சி வண்டிகளுக்குப் பொறுப்பான கிராம அதிகாரிகளும், பிளக், பாயிண்ட், வடிகட்டி ஆகியவற்றைச் சுத்தம் செய்த தேதியையும் மாற்றிய தேதியையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வருவார்களாயின், அடுத்தமுறை கோளாறு எங்கே என்று தேடும் வேலை பாதியாகக் குறையும்.