குளிர் தாங்காத மரம்

சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்குச் சைக்கிள் மிதிப்பவர்களுக்கு ஏறுவது பெரிதல்ல, இறங்குவதுதான் சோதனை. வேர்வையில் ஊறிய சட்டை எதிர்க்காற்றில் முதுகோடு ஒட்டும். பல் கிட்டும். மலையில் இரவு வெப்பம் 15 டிகிரிக்குப் பக்கம். மழையும் சேர்ந்துவிட்டால், விரல் பிரேக்கை அழுத்துகிறதா இல்லையா என்பதே தெரியாது. கீழே ஈப்போவில் விடியற்காலை 23 டிகிரி இருந்தாலே நாம் தலையில் துண்டு கட்டுகிறவர்கள்.

பின்லாந்தின் ஓவுலு நகரத்தார் கேட்டால் சிரிப்பார்கள். சுழியத்துக்குக் கீழ் 20 டிகிரியிலும் அங்கே பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில்தான் போகிறார்கள். குளிர்கால சைக்கிளோட்டத்துக்கென்றே முதல் மாநாடு கூடியதும் அங்கேதான், 2013இல். அவர்கள் சொல்லும் ஒரு விஷயம் நமக்கும் பொருந்தும்: கடுங்குளிரில் இறுகிய பனியில் சக்கரம் ஓரளவு பிடித்து ஓடும், பனி உருகத் தொடங்கி மேலே ஈரம் படர்ந்த நாளில்தான் ஆளைக் கவிழ்க்கும். ஆக, எதிரி குளிரைவிட ஈரம்.

ஈரத்தைப் பற்றிப் பேராக்கின் தோட்டத்து மக்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சுங்கை சிப்புட் பக்கத்துக் கித்தா (ரப்பர்) தோட்டங்களில் அந்நாளில் பால்வெட்டு இருட்டிலேயே தொடங்கிவிடும். குளிர்ச்சி இருக்கும்வரைதான் மரம் தாராளமாகப் பால் விடும். வெயில் ஏறினால் குறைந்துவிடும். அந்த இருட்டில் சைக்கிளுக்கு டைனமோ விளக்கு. டயரோடு உரசிச் சுழலும் டைனமோ, டயர் நனைந்தால் வழுக்கி நின்றுவிடும். வெளிச்சம் எந்த நேரத்தில் மிகவும் வேண்டுமோ அந்த நேரத்தில் விளக்கு அணையும். செம்மண் பாதையின் சேறு மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் அப்பிக்கொள்ள, குச்சியால் நோண்டிவிட்டுத்தான் மறுபடி மிதிக்க முடியும். நனைந்த ரிம்மில் பிரேக் கட்டை முதல் சில சுற்றுக்குத் தண்ணீரைத் துடைக்குமே தவிர வண்டியை நிறுத்தாது. இறக்கம் வருமுன்னே இலேசாக அழுத்தி ரிம்மைக் காயவைக்க வேண்டும். பின்னால் பால் வாளியும் இருந்தால், திருப்பத்தில் உள்ளே பால் அலம்பி வண்டியை ஒருபக்கம் இழுக்கும்.

இத்தனை பாடுபட்டுப் போனாலும் பட்டை நனைந்திருந்தால் அன்றைக்கு வெட்டு கிடையாது. பால் வெட்டுக்கோட்டை விட்டு வழிந்து மழையோடு போய்விடும். வெட்டு இல்லையென்றால் கூலியும் இல்லை. அடைமழை மாதங்களில் லயத்து அடுப்பின் நிலையை இதைவிட விளக்க வேண்டாம்.

அமேசான் காட்டிலிருந்து வந்த இந்தக் கித்தா மரம் உறைபனியைத் தாங்காது. லண்டன் கியூ தோட்டத்தில் கண்ணாடிக் கூடத்துக்குள் முளைக்கவைத்து, 22 கன்றுகளை 1877இல் சிங்கப்பூருக்கு அனுப்பினார்கள். அதில் சிலவற்றைப் பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோவின் கோலாகங்சார் தோட்டத்தில் நட்டார்கள். அக்காலத்து மரம் ஒன்று அங்கே இன்னும் நிற்கிறது. குளிர் தாங்காத இந்த மரத்தின் பாலிலிருந்து வரும் ரப்பர்தான் குளிரை நன்றாகத் தாங்குகிறது! சாதாரணக் கோடைக்காலக் கார் டயர் 7 டிகிரிக்குக் கீழே இறுகத் தொடங்கி, சாலையைப் பிடிக்கும் திறனை இழக்கிறது. இயற்கை ரப்பர் கண்ணாடிபோல் விறைத்துப்போக ஏறக்குறைய சுழியத்துக்குக் கீழ் 70 டிகிரி வேண்டும். அதனால்தான் பனிக்கால டயர்க் கலவையில் அதற்குத் தனி மதிப்பு. வெறும் பனிக்கட்டியில் ரப்பர் மட்டும் போதாது. சைக்கிள் டயரில் உலோக ஆணிகளும் பதிப்பார்கள்.

பால்வெட்டியவர்கள் அந்தப் பனியைப் பார்த்ததில்லை. தோட்டங்கள் செம்பனைக்கு மாறிய பிறகு பலர் புந்தோங் போன்ற ஈப்போ வட்டாரங்களுக்குக் குடிவந்தார்கள். சைக்கிளின் இடத்தைக் கப்சாய் மோட்டார் சைக்கிள் பிடித்துக்கொண்டது. ஆனாலும் மழையில் மோட்டார் ஓட்டும் சில வயதானவர்களைக் கவனித்திருக்கிறேன். சாலையின் வெள்ளைக்கோட்டில் சக்கரம் ஏறாமல் ஒதுங்கி, சமிக்ஞை விளக்கு கண்ணில் பட்டதுமே பிரேக்கை இரண்டு தரம் இலேசாகத் தொட்டுப் பார்க்கிறார்கள்.