கழுதுருட்டிப் பாலம் ஏன் விழவில்லை

"அந்தச் சின்ன ஆத்துக்கு எதுக்கு அண்ணாச்சி பதிமூணு கண்ணு? கோடையில முழங்கால் தண்ணிகூட ஓடாது போலிருக்கே!"

குற்றாலத்தில் குளித்துவிட்டு அப்படியே தென்மலை வரை போய்வந்த தம்பி ஒருவர், ராஜபாளையம் டீக்கடை பெஞ்சில் கேட்ட கேள்வி இது. டீ சூடாக இருக்கிறது. ஆற்றிக் குடிப்பதற்குள் சொல்லிவிடலாம்.

தென்மலைப் பக்கம் கழுதுருட்டியில் நிற்கும் அந்தப் பதிமூன்று கண் ரயில் பாலம் தண்ணீரைத் தாண்டக் கட்டியதல்ல, பள்ளத்தைத் தாண்டக் கட்டியது. பஸ் பள்ளத்தில் இறங்கி, கியரை மாற்றி, மறுபக்கம் ஏறிவிடும். ரயிலுக்கு அது முடியாது. இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரத்துக்குப் பிடிமானம் மிகக் குறைவு. செங்கோட்டைக்கும் புனலூருக்கும் நடுவே பாதை சுமார் நாற்பது அடி ஓடினால் ஓர் அடி ஏறுகிறது. அதுவே ரயிலுக்குச் செங்குத்து. இன்றும் பின்னால் இன்னொரு எஞ்சினைக் கட்டித் தள்ளுகிறார்கள். ஆகவே மலை குறுக்கே வந்தால் குகை, பள்ளம் வந்தால் பாலம். மண்ணைக் கொட்டிப் பள்ளத்தை மேடாக்கியிருக்கலாமே என்றால், தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் கொட்டும் மலை அது. மண் கரை சரியும், ஆறும் அடைபடும்.

சரி, ஏன் வளைவு? இதற்கு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் மண்டபத்தில் போய் நின்று பாருங்கள். தூண்கள் ஏன் அவ்வளவு நெருக்கமாக நிற்கின்றன? அழகுக்காக மட்டுமல்ல. தூணுக்குத் தூண் படுத்திருக்கும் கல் உத்தரத்தின் மேல் பாரம் ஏறினால், அதன் மேல்பகுதி நசுங்கப் பார்க்கும், அடிப்பகுதி இழுபடப் பார்க்கும். கல் நசுக்கலை நன்றாகவே தாங்கும். இழுவையில் பொசுக்கென்று விரிந்துவிடும். இடைவெளி கூடினால் உத்தரம் உடையும். இன்று நம் ரயில்வே மேம்பாலங்களில் காங்கிரீட்டுக்குள் கம்பி வைப்பது அந்த இழுவையை வாங்கிக்கொள்ளத்தான்.

வளைவில் இழுவைக்கே இடம் வைப்பதில்லை. பக்கத்து ஊர்ச் சரக்கையே எடுத்துக்கொள்வோம். பத்துத் தீப்பெட்டிகளை வரிசையாக வைத்து, இரண்டு உள்ளங்கையாலும் நெருக்கிப் பிடித்துத் தூக்குங்கள். பசை கிடையாது, கயிறு கிடையாது, வரிசை அப்படியே எழுந்து வரும். நெருக்கம்தான் பிடி. வளைவில் ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லை அப்படித்தான் நெருக்குகிறது. மேலே பாரம் ஏற ஏற நெருக்கம் கூடும். வளைவு நமக்குத் தெரியாத வித்தையும் அல்ல; பதினேழாம் நூற்றாண்டிலேயே மதுரை நாயக்கர் மகாலில் செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் எழுப்பிவிட்டார்கள்.

ஒரு சிக்கல் உண்டு. வளைவு கீழே மட்டும் அழுத்தாது, பக்கவாட்டிலும் உதைக்கும். அதனால்தான் ஒரே பெரிய வளைவாக இல்லாமல் பதிமூன்று சிறிய வளைவுகள். இடப்பக்கக் கண் உதைக்கும் உதையை வலப்பக்கக் கண்ணின் உதை சரிக்கட்டிவிடும். நடுத்தூணுக்குச் சுமையை நேரே கீழே இறக்கும் வேலைதான் பெரும்பாலும் மிச்சம். இரு முனைகளிலும் மிஞ்சும் உதையைக் கரையும் மலையும் வாங்கிக்கொள்ளும். கட்டும்போதும் சிறிய கண்தான் தோது. மரச்சாரம் கட்டி, இரு பக்கமிருந்தும் ஒரே சமயத்தில் கல் அடுக்கி, உச்சிக்கல்லைக் கடைசியாக இறக்கியபின் சாரத்தைப் பிரித்து அடுத்த கண்ணுக்குக் கொண்டுபோகலாம். சாரம் பிரிக்கும் அந்தக் கொஞ்ச நேரம்தான் எந்தக் கொத்தனாருக்கும் வயிற்றைக் கலக்கும்.

தம்பி விடவில்லை. "அப்போ மீட்டர் கேஜுக்குக் கட்டின பாலத்துல இப்ப பெரிய ரயில் எப்படி ஓடுது?"

எனக்குப் பிடித்த இடமே இதுதான். 1904இல் கொல்லம் வரை பயணிகள் ரயில் போகத் தொடங்கிய பாதை அது. நம் விருதுநகர்–தென்காசிப் பாதைகூட 1927இல்தான் வந்தது. மலைப்பாதையை 2010 செப்டம்பரில் மூடி, அகலப்பாதையாக்கி, 2018இல் திறந்தார்கள். இரும்புப் பாலமாக இருந்திருந்தால் கழற்றிப் போட்டுவிட்டு வேறு வைத்திருப்பார்கள். கல் வளைவின் கணக்கு வேறு. தூணும் வளைவும் உள்ளே நிரப்பிய கல்லும் மண்ணுமாக அதன் சொந்த எடையே பெரிது. ரயில் ஒரு கண்ணில் ஏறும்போது பாரம் ஒரு பக்கம் சாயத்தான் செய்யும். ஆனால் சொந்தக் கனத்தின் முன் அந்தச் சாய்வு கொஞ்சம்தான். நெருக்கம் கல்லை விட்டு வெளியே போவதில்லை. கனம் குறைந்த வளைவுதான் பயப்பட வேண்டும். இருந்தாலும் சும்மா விடவில்லை: தூண்களுக்குக் காங்கிரீட் உறை போட்டு வலுவேற்றினார்கள். பழைய கல்முகம் கொஞ்சம் மறைந்தது எனக்கு வருத்தம்தான். ஆனால் ரயில் ஓடாத பாலத்தை யார் கவனிக்கப் போகிறார்கள்?

1904ஐ ஒட்டிய சில ஆண்டுகளில் ரயிலோடு உலகமே மலையேறிக்கொண்டிருந்தது போலும். சுவிட்சர்லாந்தின் லாண்ட்வாசர் பாலம் 1902, கல்கா–சிம்லா பாதை 1903. பின்னால் வந்த இலங்கை தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தைப் படம் பிடிக்க இன்று உலகமே போகிறது. கல்கா–சிம்லாவுக்கு 2008இல் யுனெஸ்கோ பட்டம் கிடைத்தது. நம்முடையதற்கு இல்லை.

வளைவுக்கு ரயிலைவிடத் தண்ணீர்தான் எதிரி. மேலே பெய்த மழை உள்ளே தங்கினால் சுண்ணாம்பைக் கரைக்கும். ஓர் அரச விதை விழுந்தால் வேர் கல்லைப் பிளக்கும். போய்ப் பார்ப்பதென்றால் ரயிலுக்குள்ளிருந்து பாலம் தெரியாது. ராஜபாளையம் வழியாகப் போகிறதே திருமங்கலம்–கொல்லம் சாலை, அதுவே பாலத்தின் பக்கத்தில் கொண்டு விடும். அடியில் நின்று வளைவின் உள்வயிற்றை அண்ணாந்து பாருங்கள், வெள்ளையாகக் கோடு இறங்கியிருந்தால் அது கரைந்து வந்த சுண்ணாம்பு.