வார்னிஷும் அதன் இனமும்

திருவண்ணாமலையில் 2,668 அடி மலையுச்சியில் மகாதீபத்தோடு எரியும் கற்பூரமும், அடிவாரத்தில் தச்சர் வார்னிஷில் ஊற்றும் டர்பன்டைனும் நெருங்கிய உறவு. பைன் மரப் பிசினைக் காய்ச்சி வடித்தால் டர்பன்டைன் கிடைக்கும். அதிலுள்ள பைனீன் மூலக்கூறில் 10 கார்பன், 16 ஹைட்ரஜன் அணுக்கள். ஆலையில் அவற்றை அடுக்கு மாற்றி, ஓர் ஆக்சிஜன் அணுவைச் சேர்த்தால் கற்பூரம்! இன்றைய பூஜைக் கற்பூரம் பெரும்பாலும் இப்படிப் பிறப்பதுதான். காஞ்சிபுரம் பக்கத்தில் ஏனாத்தூரிலும் ஓர் ஆலை உண்டு.

ஆனால் எல்லா வார்னிஷும் டர்பன்டைனுக்கு மசியாது. பிரெஞ்சு பாலிஷுக்கான அரக்குச் செதிலை அதில் நாள்கணக்கில் ஊறவைத்தாலும் கரையாது. ஸ்பிரிட்டில் போட்டால் ஓரிரவில் கரைந்துவிடும். காரணம் முனைவு, அதாவது மூலக்கூறின் ஒரு பக்கம் மின்னூட்டம் சற்றுக் கூடியிருப்பது. அரக்குக்கும் ஸ்பிரிட்டுக்கும் அது உண்டு. ஆளிவிதை எண்ணெய் வார்னிஷிலும் டர்பன்டைனிலும் மிகக் குறைவு. இனம் இனத்தோடுதான் சேரும்.

சேர்ந்தது எப்போது பிரிகிறது என்பதும் முக்கியம். என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லேக்கருக்கு ஊற்றும் தின்னரில் அசிட்டோன் போன்ற திரவங்கள் இருக்கும். அசிட்டோன் 56 டிகிரியிலேயே கொதிக்கும். டர்பன்டைனுக்கு ஏறக்குறைய 155 டிகிரி வேண்டும். சட்டென ஆவியாகும் திரவம், மண்பானையில் கசியும் நீரைப் போல, பரப்பின் சூட்டை உறிஞ்சிக்கொண்டு போகும். கார்த்திகை மழைக்காற்றின் ஈரம் அந்தக் குளிர்ந்த பூச்சில் பனியாகப் படியும். பலகை பால் பூசியதுபோல் வெளுக்கும். மெல்ல ஆவியாகும் திரவம் கொஞ்சம் கலந்தால் இது நேராது. அடைமழை நாளில் லேக்கரைத் தொடாமலிருப்பது அதைவிட நல்லது.

எனக்கு மிகப் பெரிய வியப்பு எண்ணெய் வார்னிஷ்தான். டர்பன்டைன் பறந்த பிறகே அதன் உண்மையான வேலை தொடங்குகிறது. எண்ணெய் காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்து, மூலக்கூறுகளை வலையாகப் பின்னிக்கொள்கிறது. அப்போது வெப்பமும் வெளிவரும். அதனால் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகத் தீப்பற்றலாம். விரித்தே உலர்த்த வேண்டும்.

பின்னிய வலையை டர்பன்டைனால் மீண்டும் கரைக்க முடியாது. அரக்கோ பல ஆண்டுகள் கழித்தும் ஸ்பிரிட்டுக்கு இளகும். பழைய கதவுக்கு என்ன பூசியிருக்கிறார்கள் என்று அறிய இதுவே வழி. மறைவான ஓரத்தில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை வையுங்கள். பிசுபிசுத்தால் அரக்கு. இல்லையென்றால் தின்னர்: அதில் கரைந்தால் லேக்கர், சுருங்கி உப்பினால் எண்ணெய் வார்னிஷ்.