புரோட்டீன் பவுடர்: வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

மருந்துக் கடையில் மாலைக் கூட்டம். எனக்கு முன்னால் நின்ற பெண், "அப்பா ரொம்ப இளைச்சுப் போயிட்டாருண்ணா. நல்லதா ஒரு புரோட்டீன் பவுடர் குடுங்க" என்றார். கடைக்காரர் அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து வைத்தார். "காலையில ரெண்டு ஸ்பூன், ராத்திரி ரெண்டு ஸ்பூன். பால்ல கலந்து குடுங்கம்மா." பணத்தைக் கொடுத்துவிட்டு அந்தப் பெண் போய்விட்டார்.

அப்பாவுக்கு என்ன வயது, என்ன எடை, சர்க்கரை உண்டா, மூன்று வேளையும் என்ன சாப்பிடுகிறார், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவை ரத்தத்தில் கடைசியாக எப்போது பார்த்தார்கள்? கடைக்காரர் கேட்கவில்லை, அந்தப் பெண்ணும் சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் முந்தைய கேள்வி ஒன்று உண்டு: அவர் ஏன் இளைத்தார்? வயதானவர் காரணம் தெரியாமல் இளைத்தால், கட்டுக்கடங்காத சர்க்கரை, காசநோய், தைராய்டு கோளாறு, புற்றுநோய் என்று எதுவும் பின்னால் இருக்கலாம். பவுடரைக் கரைத்துக் கொடுத்துவிட்டு "தேறிவிடுவார்" என்று காத்திருக்கும் மாதங்கள், நோயைக் கண்டுபிடிக்க வேண்டிய மாதங்கள்.

எவ்வளவு வேண்டும்?

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வகுத்த கணக்குப்படி, பெரியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் போதும். 65 கிலோ ஆணுக்கு 54 கிராம். 55 கிலோ பெண்ணுக்கு 46 கிராம். 65 வயதைக் கடந்தவர்களின் தசை, புரதத்தை எடுத்துக்கொள்வதில் மந்தமாகிவிடுவதால், அவர்களுக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தேவை என்று சர்வதேச வல்லுநர் குழு ஒன்று 2013-இல் பரிந்துரைத்தது. சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்கே இது பொருந்தும்.

நம் வீட்டுத் தட்டில் எவ்வளவு இருக்கிறது? நான்கு பேர் உள்ள வீட்டில் காலையிலும் மதியமும் ஊற்றிக்கொள்ளும் சாம்பாருக்கு 100 கிராம் துவரம் பருப்பு போடுகிறோம் என்று வையுங்கள். அதில் புரதம் சுமார் 22 கிராம். ஆளுக்கு ஐந்தரை. நான்கு இட்லியில் ஏறத்தாழ 8, மதியச் சோற்றில் 8, ஒரு சிறிய கிண்ணம் தயிரில் 3, பொரியலில் 2, இரண்டு வேளைக் காப்பியின் பாலில் 6, இரவு இரண்டு தோசையில் 6. கூட்டினால் 38 அல்லது 39 கிராம். 55 கிலோ பெண்ணுக்குத் துண்டு விழுவது ஏழெட்டு கிராம்தான். ஒரு கைப்பிடி, அதாவது 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்துச் சுண்டல் செய்தால் 10 கிராம் கிடைத்துவிடும். ஒரு முட்டையில் 6 கிராம், 30 கிராம் வேர்க்கடலையில் 7 கிராம். அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தைப் பருப்பு ஈடுகட்டுகிறது. சாம்பாரில் பருப்பைக் குறைத்துப் புளித்தண்ணீரைக் கூட்டும்போது இழப்பது இதைத்தான்.

எப்போது வேண்டும்?

உடற்பயிற்சி முடிந்த அரை மணி நேரத்துக்குள் குடித்தாக வேண்டும் என்று ஜிம்முக்குப் போகும் பிள்ளைகள் நம்புகிறார்கள். அமெரிக்காவின் பிராட் ஷோன்ஃபெல்டும் சகாக்களும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2013-இல் வெளியிட்ட முடிவு வேறு. ஒரு நாளின் மொத்தப் புரத அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டால், நேரத்தால் தனியாகக் கிடைத்ததாகத் தோன்றிய பலன் காணாமல் போய்விடுகிறது.

வேளை முக்கியமாவது முதியவர்களுக்கு. காலையில் இரண்டு ரொட்டித் துண்டு, மதியம் ரசம் சாதம், இரவு ஒரு டம்ளர் கஞ்சி என்று ஓட்டுபவரின் தசை எந்த வேளையிலும் போதிய புரதத்தைப் பார்ப்பதில்லை. அதே 2013 பரிந்துரை, வேளைக்கு 25 முதல் 30 கிராம் வரை என்று பிரித்துச் சாப்பிடச் சொல்கிறது. கொழுப்பைப்போல் புரதத்தைச் சேமித்து வைக்க உடலில் தனிக் கிடங்கு கிடையாது. மிஞ்சியது எரிபொருளாகிறது, அதிலுள்ள நைட்ரஜன் கல்லீரலில் யூரியாவாக மாறி, சிறுநீரகம் வழியே வெளியேறுகிறது.

டப்பாவுக்குள் என்ன?

சத்துபானம் என்ற பெயரில் விற்கும் மால்ட் பவுடர்களின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். கொட்டை எழுத்தில் உள்ள புரத அளவு பெரும்பாலும் "பாலுடன் சேர்த்து" என்ற கணக்கு. இரண்டு ஸ்பூன் மால்ட் பவுடரில் இருப்பது இரண்டு மூன்று கிராம். 200 மில்லி பாலில் 6 கிராமுக்கு மேல். பெரும்பங்கு பாலுடையது. சர்க்கரையோ பவுடருடையது. 'ஹெல்த் டிரிங்க்' என்றொரு வகையே உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இல்லை என்பதால், அந்தத் தலைப்பில் இவற்றை விற்கக் கூடாது என்று 2024 ஏப்ரலில் மத்திய அரசு இணைய விற்பனை நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது.

உண்மையான புரோட்டீன் பவுடர்களின் நிலையும் நிம்மதி தருவதாக இல்லை. இந்தியச் சந்தையில் விற்கும் 36 பவுடர்களைக் கேரள மருத்துவர்கள் தலைமையிலான குழு சோதித்து 2024-இல் முடிவுகளை வெளியிட்டது. சுமார் 70 சதவீதத்தில் லேபிளில் சொன்ன புரத அளவு சரியில்லை. சிலவற்றில் சொன்னதில் பாதிதான். 14 சதவீதத்தில் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு இருந்தது. அது கல்லீரலைக் கெடுப்பது.

அளவில் எப்படி ஏமாற்ற முடிகிறது? 1883-இல் டென்மார்க்கின் யோஹான் கெல்டால் வகுத்த முறையில், நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கிப் புரத அளவைக் கணக்கிடுகிறார்கள். நைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்று அந்தச் சோதனைக்குத் தெரியாது. கிளைசின்போல மலிவான அமினோ அமிலத்தைக் கலந்தாலும் எண் ஏறும். 2008-இல் சீனாவில் தண்ணீர் கலந்த பாலில் நைட்ரஜன் மிகுந்த மெலமைன் என்ற வேதிப்பொருளைச் சேர்த்து இதே வழியில்தான் புரத அளவை உயர்த்திக் காட்டினார்கள். 6 குழந்தைகள் இறந்தன; சுமார் 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டன.

யாருக்கு ஆபத்து?

இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கும் மேல். சிறுநீரகத்தைக் கெடுக்கும் காரணங்களில் முதன்மையானது அதுதான். கெட்டுக்கொண்டிருக்கும் சிறுநீரகம் நெடுநாள் எந்த அறிகுறியும் காட்டாது. டயாலிசிஸ் நிலைக்கு வராத நோயாளிகள் கிலோவுக்கு 0.8 கிராம் அளவில் நிற்க வேண்டும், 1.3 கிராமைத் தாண்டக் கூடாது என்று சர்வதேச சிறுநீரக வழிகாட்டி சொல்கிறது. டயாலிசிஸ் தொடங்கியபின் தேவை மாறி, கூடுகிறது. ஆகவே இருவருக்கும் ஒரே டப்பா ஆகாது.

மாத்திரைகளோடும் மோதல் உண்டு. தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போட்ட கையோடு பாலில் கலந்த பவுடரைக் குடித்தால் மருந்து சரியாக உட்கிரகிக்கப்படாது. இரண்டுக்கும் நடுவே போதிய இடைவெளி வேண்டும்; எவ்வளவு என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பார்க்கின்சன் நோய்க்கான லெவோடோபா மருந்தும் புரதமும் குடலில் ஒரே வழிக்குப் போட்டி போடுகின்றன.

பவுடர் தேவைப்படுபவர்கள் இருக்கிறார்கள். அறுவை சிகிச்சையிலிருந்து மீள்பவர்கள், மென்று விழுங்க முடியாதவர்கள், டயாலிசிஸ் நோயாளிகளில் சிலர். அவர்களுக்கு மருத்துவரோ உணவியல் நிபுணரோ அளவும் வேளையும் எழுதித் தருகிறார்கள். மற்றவர்கள் தசைக்காகப் பவுடர் குடிப்பதைத் தவிர்க்கும்படிதான் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டி கூறுகிறது.

அந்தப் பெண்ணின் அப்பாவுக்கு முதலில் வேண்டியது எடை பார்க்கும் இயந்திரம், ரத்தச் சர்க்கரை, கிரியேட்டினின், சிறுநீரில் ஆல்புமின் ஆகிய பரிசோதனைகள், ஒரு மருத்துவரின் பத்து நிமிடம். பிறகு அவருடைய தட்டை ஒரு நாள் முழுக்கப் பார்க்க வேண்டும். அதன்பிறகும் பற்றாக்குறை இருந்தால், எவ்வளவு என்பது தெரிந்திருக்கும். டப்பா வாங்குவதா, நாளை காலை கொண்டைக்கடலை ஊறவைப்பதா என்று அப்போது முடிவு செய்யலாம்.