காதால் படித்த புத்தகங்கள்

சென்னையிலிருந்து புதுச்சேரி செல்லும் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தை நெருங்கும்போது, உப்பளங்கள் வெள்ளை வெளேரென்று கண்ணைக் கூசச் செய்கின்றன. பக்கிங்ஹாம் கால்வாய் தெற்கே வந்து முடிவது இவ்வூரிலேதான். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இதுவே என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். இத்தகைய பழங்கரையில், நூறு வருஷங்களுக்கு முன் உப்பு வாரியவர்களும் வலை வீசியவர்களும் என்ன புத்தகம் படித்தார்கள் என்று கேட்டால் நேயர்கள் நகைக்கக்கூடும். கையெழுத்துப் போடத் தெரியாதவனுக்குப் புத்தகம் ஏது?

சர்க்கார் கணக்கும் அதைத்தான் சொல்லிற்று. 1901-ம் வருஷத்து ஜனக்கணக்கின்படி சென்னை மாகாணத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. பெண்களில் நூற்றுக்கு ஒருவர் தேறுவதே அரிதாயிருந்தது. கணக்கு பொய்யல்ல. ஆனால் அதைக் கொண்டு, இந்த ஜனங்களுக்கும் நூல்களுக்கும் சம்பந்தமே இல்லை என்று தீர்ப்புக் கூறியவர்கள் பெரிய தவறு செய்தார்கள். அவர்கள் கண்ணால் படித்தவர்களை மட்டுமே எண்ணினார்கள். காதால் படித்தவர்கள் அக்கணக்கில் சேரவில்லை.

அவர்கள் படித்ததற்குச் சாட்சி வேண்டுமானால், திண்டிவனம், செஞ்சிப் பக்கத்துக் கிராமங்களில் உள்ள திரௌபதி அம்மன் கோயில்களுக்குத்தான் முதலில் செல்ல வேண்டும். திருவிழா நாட்களில் அங்கே பாரதப் பிரசங்கம் நடக்கும். வில்லிபுத்தூரார் பாரதத்தின் விருத்தங்களைப் பிரசங்கியார் இசையோடு படித்து, ஒவ்வொன்றுக்கும் பேச்சுத் தமிழில் பொருள் சொல்லிக்கொண்டே போவார். பிற்பகலில் படித்த கதையை இரவில் தெருக்கூத்தாகக் காணலாம். பல நாட்கள் நடக்கும் இப்பிரசங்கத்தை முழுவதும் கேட்டவனைவிடப் பாரதத்தை நன்றாகப் ‘படித்தவன்’ கல்லூரியில் எத்தனை பேர் இருப்பார்கள்?

கேட்டவர்களின் உள்ளத்தில் நூல் என்ன செய்தது என்பதையும் அங்கே கண்ணாரக் காணலாம். பகாசுரனுக்குச் சோறு கொண்டுபோகும் பீமனுடைய வண்டி ஊரைச் சுற்றி வருகிறது. அர்ஜுனன் தபசு செய்ய மரமேறும் நாளில், பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் ஈரப் புடவையுடன் அடியில் காத்திருந்து, அவன் எறியும் எலுமிச்சம்பழத்தை மடியில் ஏந்துகிறார்கள். கடைசி நாள் படுகளத்தில் துரியோதனனின் மண்ணுருவம் மல்லாந்து கிடக்க, அவனுக்காக ஒப்பாரி எழுகிறது. பாவிதான், ஆனாலும் ஊர் அவனுக்காக அழாமல் விடுவதில்லை. ஒரு நூலுக்கு இதைவிட நுட்பமான விமர்சனத்தை எந்தப் பத்திரிகையும் எழுதியதாகத் தோன்றவில்லை.

நூலின் வலிமையில் ஜனங்களுக்கு இருந்த நம்பிக்கையும் சாதாரணமானதல்ல. பாரதத்தை வீட்டுக்குள் படித்தால் குடும்பத்தில் கலகம் விளையும் என்று அஞ்சினார்கள். மழை பொய்த்தால் விராட பருவத்தைப் படிக்கச் சொன்னார்கள். இங்கே ஒரு வேடிக்கை உண்டு. கோடையில் ஒரு பாட்டம் மழை பெய்தால் பாத்தியில் விளைந்த உப்பு கரைந்துபோகும். ஆகவே உழவன் விராட பருவத்தை விரும்பும் அதே நாளில், அளத்துக்காரன் அதை விரும்பக் காரணம் இல்லை. ஒரே நூலுக்கு ஒரே தாலுகாவில் இரண்டு அபிப்பிராயம்!

அச்சுக்கூடங்கள் பெருகிய பின்னர் வேறொரு சாட்சியும் கிடைக்கிறது. அதுதான் ‘பெரிய எழுத்து’. நல்லதங்காள் கதை, அல்லி அரசாணி மாலை, தேசிங்குராஜன் கதை முதலியவற்றைச் சென்னையில் இரத்தின நாயகர் அண்டு ஸன்ஸ் போன்றவர்கள் பருமனான எழுத்தில் அச்சிட்டு விற்றார்கள். எழுத்தின் பருமனே வாசகர் யார் என்பதைக் காட்டிக் கொடுக்கிறது. எழுத்துக் கூட்டிப் படிப்பவர். அகல் விளக்கில் படிப்பவர். சுற்றிலும் பத்துப் பேர் உட்கார்ந்திருக்க உரக்கப் படிப்பவர். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சத்தை அனுபவித்த தலைமுறைக்கு, பஞ்சத்தால் பிறந்தகம் தேடிப்போய்க் குழந்தைகளுடன் கிணற்றில் விழுந்த நல்லதங்காள் வெறும் கதையாகத் தோன்றியிருக்க மாட்டாள். தேசிங்கோ அடுத்த ஊர் வீரன். மரக்காணத்துக்கு மேற்கே செஞ்சிக் கோட்டையில் இருந்தவன். 1714-ல் ஆர்க்காட்டு நவாபின் சேனையோடு பொருது மாண்டவன். நவாபை எதிர்த்த அவனுக்குப் பக்கத்தில் நின்று உயிர் விட்ட தோழனும் ஒரு முகம்மதியனே என்று அக்கதை கூறுவதைக் கேட்டவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இவற்றோடு, சென்னைக் குஜிலிக் கடைத் தெருவில் காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்ற பாட்டுப் புத்தகங்களையும் சொல்ல வேண்டும். வெள்ளம், கொலை, ரயில் விபத்து எதுவானாலும் உடனே சிந்தாகிவிடும். பண்டிதர்கள் அவற்றைத் தீண்டவில்லை. சர்க்கார் தீண்டிற்று! 1867-ம் வருஷத்துச் சட்டத்தின்படி ஒவ்வொரு புத்தகத்தின் விலையும் பிரதிக் கணக்கும் மூன்று மாதத்துக்கொரு முறை ஜாபிதாவில் ஏறின. நம்மைக் கண்காணிக்கப் போட்ட ஜாபிதா, நம் பாட்டனார்களின் படிப்புக்கு ஆதாரமாகிவிட்டது.

ஜனங்கள் காதால் படிக்கிறார்கள் என்பது அந்தச் சர்க்காருக்கு நன்றாகவே தெரியும். மரக்காணத்துக்குத் தெற்கே சில காத தூரத்தில் பிரெஞ்சு எல்லை. அங்கிருந்து பாரதியார் 1908 முதல் நடத்திய ‘இந்தியா’ பத்திரிகையை இந்தப் பக்கம் வரவொட்டாமல் தடுத்தார்கள். 1910-ல் அது நின்றது. பாரதியார் மறைந்து ஏழு வருஷங்கள் ஆன பின்னும் பயம் தீரவில்லை. 1928-ல் பர்மா சர்க்கார் தடை விதித்ததைத் தொடர்ந்து, சென்னையிலும் அவருடைய தேசிய கீதங்களைப் பறிமுதல் செய்தார்கள். ஸ்ரீ சத்தியமூர்த்தி சட்டசபையில் அதைக் கண்டித்து முழங்கினார். நூற்றுக்குப் பத்துப் பேர் படிக்கும் புத்தகத்துக்கு ஏன் இத்தனை அச்சம்? மீதித் தொண்ணூறு பேர் அதைப் பாடிவிடுவார்கள் என்பதால்தான். 1930-ல் ராஜாஜியின் தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு உப்பெடுக்கச் சென்ற தொண்டர்கள் நாமக்கல் கவிஞரின் பாட்டைப் பாடிக்கொண்டே நடந்தார்கள். வழியில் கேட்டவர்கள் யாரும் அதை அச்சில் பார்த்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

மலிவுப் புத்தகங்களில் பெரும்பாலானவை கறையானுக்கும் பழங்காகிதக் கடைக்கும் போயின. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் போன்ற ஒரு சிலரே அவற்றையும் நூல்களாக மதித்துச் சேர்த்தார்கள். 1992-ல் அவர் காலமான பின், அவர் சேகரித்தவை சென்னையில் அவர் பெயரால் அமைந்த ஆராய்ச்சி நூலகத்துக்கு வந்து சேர்ந்தன. காலணாப் பாட்டுக்களை இன்று அங்கே காணலாம். பாரதப் பிரசங்கத்தைக் கேட்க விரும்புவோர் திருவிழாக் காலத்தில் செஞ்சிப் பக்கம் போகலாம். வில்லியின் விருத்தம் இன்னும் அங்கே ஒலிக்கிறது.