காவல் நாய்க்கு மூட்டு வலி: கைப்பக்குவம் எதற்குக் கேட்கும், எதற்குக் கேட்காது?

தாராபுரம் பக்கத்தில் செம்மறியாடு வளர்க்கும் வாசகர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "எங்கள் பட்டிக்குக் காவல் ஒரு நாட்டு நாய்தான். 9 வயது ஆகிறது. கொஞ்ச நாளாகக் காலையில் எழுந்திருக்கவே சிரமப்படுகிறது. நாலு எட்டு நொண்டி நடந்தபின் சரியாகிவிடுகிறது. என் முழங்கால் வலிக்கு வாங்கிய மாத்திரை வீட்டில் இருக்கிறது. அதில் பாதி கொடுக்கலாமா? இல்லை, இயற்கை முறையில் ஏதும் வழி உண்டா?"

மாத்திரைக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கொடுக்காதீர்கள். பாதியும் வேண்டாம், காலும் வேண்டாம்.

கால்நடை மருத்துவராக வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு விவசாயி தன் நாயைத் தூக்கிக்கொண்டு வந்தார். மூன்று நாளாகத் தனக்கு வாங்கிய வலி மாத்திரையைச் சோற்றில் வைத்துக் கொடுத்திருக்கிறார். வாந்தியில் ரத்தம், சாணம் தார் போலக் கறுப்பு. "எனக்குக் கேட்ட மாத்திரைதானுங்களே டாக்டர், இதுக்கு மட்டும் எப்படிங்க ஆகாமப் போகும்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அன்று சாயங்காலமே நாய் இறந்துவிட்டது. கெட்ட எண்ணத்தில் கொடுத்தவர் இல்லை அவர். வலியைப் பார்க்கப் பொறுக்காமல் கொடுத்தவர்.

ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்றவை நாயின் குடலில் புண் உண்டாக்கும், சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும். பாராசிட்டமால் அளவு மீறினால் கல்லீரல் கெடும். (பூனைக்கு அதில் ஒரு துண்டுகூட உயிருக்கு ஆபத்து.) டைக்ளோஃபினாக்கைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்த 2006-லேயே நம் நாட்டில் தடை வந்துவிட்டது. அது பிணந்தின்னிக் கழுகுகளைக் காப்பாற்ற வந்த தடை. ஆனால் மனிதருக்கான மாத்திரை எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்கிறது. ஆபத்து அங்கிருந்துதான் வருகிறது.

வலி நிவாரணத் தைலமும் இதே கதைதான். அதில் இருக்கும் விண்டர்கிரீன் எண்ணெய் ஆஸ்பிரினின் நெருங்கிய உறவு. கற்பூரமும் யூகலிப்டஸ் தைலமும் நாய்க்கு நஞ்சு. நமக்குத் தடவினால் தோலோடு நிற்கும். நாய் அதை நக்காமல் விடாது.

முதலில் எது வலிக்கிறது என்று பாருங்கள்

நாய் வலியைச் சொல்லாது, மறைக்கவும் செய்யும். ஒரே மூட்டை ஓயாமல் நக்குவது, வண்டியில் தாவி ஏறியது ஏறாமல் நிற்பது, சும்மா படுத்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, தொட்டால் சீறுவது எல்லாம் வலியின் அடையாளம். தொட்டுப் பார்க்கும் முன் வாயைத் துணியால் தளர்வாகக் கட்டிவிடுங்கள். வளர்த்தவரையும் வலி கடிக்க வைக்கும். ஆனால் வெறிநாய்த் தடுப்பூசி போடாத நாய் பின்னங்கால் துவண்டு, எச்சில் வடித்து நின்றால் அதன் வாய்ப்பக்கமே கையைக் கொண்டுபோகாதீர்கள், மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

பாதத்தை விரித்துப் பாருங்கள். கருவேல முள்ளோ நெருஞ்சியோ ஏறியிருக்கலாம். விரலிடுக்கில் உண்ணி கொத்தாகப் பிடித்திருக்கலாம். தரையில் படாத கட்டைவிரல் நகம் வளைந்து சதைக்குள் இறங்கியிருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். நகத்தை வெட்டினாலே நொண்டல் போய்விடும்.

நம் ஊரில் பலர் தவறவிடுவது உண்ணிக் காய்ச்சலை. இன்று ஒரு கால், நாளை இன்னொரு கால் என்று நொண்டல் மாறும். உடம்பு கொதிக்கும். (நாய்க்கு 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பான சூடுதான். அதற்கு மேல் போனால் காய்ச்சல்.) ஈறு வெளுக்கும், சில நாய்க்கு மூக்கில் ரத்தம் வடியும். இதற்கு எந்தப் பச்சிலையும் போதாது. ரத்தப் பரிசோதனை செய்து, மருத்துவர் சொல்லும் டாக்ஸிசைக்ளின் மாத்திரையை வழக்கமாக 28 நாள் கொடுக்க வேண்டும். பத்தாம் நாள் நன்றாக ஓடுகிறதே என்று நிறுத்தினால் நோய் உள்ளே தங்கிவிடும். காலைத் தரையிலேயே ஊன்றாத நாய், வண்டி மோதிய நாய், பின்னங்கால் இழுக்கும் நாய் ஆகியவற்றுக்கும் அன்றே மருத்துவமனைதான்.

வாசகர் சொல்வது அப்படித் தெரியவில்லை. எழும்போது பிடித்துக்கொண்டு, நடக்க நடக்கத் தளர்ந்துவிடுவது வயதான மூட்டுத் தேய்மானத்தின் குணம். இதற்குத்தான் கைப்பக்குவம் நன்றாகக் கேட்கும்.

சாக்கும் ஒத்தடமும்

நான் வளர்த்த கோம்பை நாய்க்கும் 11 வயதில் இதே தொந்தரவு வந்தது. அதற்கு முதலில் செய்தது படுக்கையை மாற்றியதுதான். சிமெண்ட் தரையை விட்டு, நான்கு சாக்கை மடித்து உள்ளே வைக்கோல் திணித்து, பனி இறங்காத தாழ்வாரத்தில் போட்டேன். மார்கழிப் பனியில் வெறுந்தரையில் கிடக்கும் மூட்டு விடியற்காலையில் கட்டையாகத்தான் இருக்கும். சாக்கை வாரம் ஒருமுறை வெயிலில் உதறுங்கள், இல்லாவிட்டால் உண்ணி குடியேறிவிடும்.

அடுத்தது ஒத்தடம். நொச்சி இலையைக் கொஞ்சம் நல்லெண்ணெயில் வதக்கித் துணியில் முடிந்து, மூட்டைச் சுற்றி 10 முதல் 15 நிமிடம், காலையும் மாலையும். நொச்சி இல்லையென்றால் வறுத்த தவிடோ மணலோ போதும். வேலை செய்வது பெரும்பாலும் சூடுதான் என்பது என் எண்ணம். முடிச்சை உங்கள் மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பாருங்கள். உங்களுக்குத் தாங்கினால்தான் நாய்க்கு. விளக்கெண்ணெய் வேண்டாம், நக்கினால் வயிறு போகும். புதிதாக அடிபட்டு வீங்கிய இடத்தில் முதல் இரண்டு நாள் சூடு கூடாது. துணியில் சுற்றிய ஐஸ்கட்டிதான்.

சுளுக்குக்குப் புளியும் உப்பும் கொதிக்க வைத்துப் பற்றுப் போடுவது நம் வழக்கம். நாய்க்கு அதைச் செய்யாதீர்கள். திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுப்பது அதிலுள்ள டார்டாரிக் அமிலத்தால்தான் என்று அண்மை ஆண்டுகளில் கால்நடை மருத்துவர்கள் கருதுகிறார்கள். புளியில் அந்த அமிலம் ஏராளம். பற்று நாயின் காலில் இருக்குமா, வயிற்றுக்குப் போகுமா என்பது உங்களுக்கே தெரியும்.

மூன்றாவது எடை. விலாவில் உள்ளங்கையை வைத்துத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். தேடித் தடவினால் சோறு அதிகம் என்று அர்த்தம். மூட்டு வலியுள்ள குண்டு நாய்க்கு உடல் எடையில் 6 முதல் 8 சதவீதம் குறைந்தாலே நொண்டல் குறைவது ஆய்வில் தெரிந்திருக்கிறது. 30 கிலோ நாய்க்கு அது இரண்டு கிலோ சொச்சம். நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டி வைப்பதும் மூட்டை இறுக்கும். காலை, மாலை கால்மணி நேரம் மெதுவாக நடத்துங்கள்.

மஞ்சள், பிரண்டை, மீன்

உள்ளுக்குக் கொடுப்பதில் ஓரளவு சான்று உள்ளது மீன் எண்ணெய்க்குத்தான். மத்தி மீன் கிடைத்தால் வெறும் தண்ணீரில் வேகவைத்து, வாரம் இரண்டு மூன்று முறை சோற்றில் பிசைந்து கொடுங்கள். மீன் குழம்பு ஆகாது. அதில் புளி இருக்கிறது, வெங்காயமும் பூண்டும் இருக்கின்றன. வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும்.

மஞ்சளைப் பலர் கேட்கிறார்கள். சோற்றில் ஒரு சிட்டிகை போட்டால் கெடுதல் இல்லை. ஆனால் அது உடம்பில் சரியாக ஏறுவதில்லை. பெரிதாக நம்ப வேண்டாம். பிரண்டையைப் பச்சையாக அரைத்துக் கொடுத்தால் நமக்கு அரிப்பது போலவே நாய்க்கும் வாய் அரிக்கும். எலும்பு முறிவுக்குப் பிரண்டைக் கட்டை மட்டும் நம்பி, கோணலாகச் சேர்ந்த காலோடு வந்த நாய்கள் உண்டு. முதலில் எக்ஸ்ரே, பிறகு மற்றது. அக்குபஞ்சர் செய்யும் கால்நடை மருத்துவர்கள் பெருநகரங்களில் ஒருசிலர் இருக்கிறார்கள். பக்கத்தில் இருந்தால் முதுகெலும்புத் தொந்தரவுக்குக் கேட்டுப் பார்க்கலாம்.

இவற்றை மூன்று வாரம் செய்து பாருங்கள். காலையில் எழுந்து சரியாக நடக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். குறையவில்லை என்றால் அந்த நோட்டோடு கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். நாய்க்கென்றே எடை பார்த்துக் கொடுக்கும் வலி மருந்துகள் உண்டு. வீட்டில் என்னென்ன கொடுத்தீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

தாராபுரம் வாசகருக்கு இன்னொன்று. இப்போதே ஒரு குட்டியைப் பட்டிக்குக் கொண்டுவந்து விடுங்கள். பெரியது இருக்கும்போதே கூட விட்டால், எந்தச் சத்தத்துக்குக் குரைக்க வேண்டும், எந்த ஆட்டை விரட்டக் கூடாது என்று அதைப் பார்த்தே குட்டி பழகும். இரவில் சுற்றி வருவதைக் குட்டி பார்த்துக்கொள்ளட்டும். பெரியது சாக்கில் படுத்தபடியே குரல் கொடுக்கும்.