சித்திரத்துக்கு உயிரூட்டுந் தொழில்

கணிதக் கொப்பியின் ஓரத்தில் தாளுக்கொன்றாக ஒரு சிறு மனிதனைக் கீறி, தாள்களைப் பெருவிரலால் விரைந்து தட்டி, அவனை ஓடச் செய்து மகிழ்ந்த மாணவர் எம்மிற் பலர். ஆசிரியர் கண்ணிற்பட்டால் தண்டனை நிச்சயம். ஆயினும் அவ்விளையாட்டே ஒரு பெருந்தொழிலின் அரிச்சுவடியாகும். அனிமேஷன் என்றும் அசைவூட்டம் என்றும் இன்று வழங்கும் அத்தொழிலிற் புகுந்து பெயர்பெற விரும்பும் மாணவர் இக்காலத்துச் சிலரல்லர். "படம் கீறிச் சீவிக்கலாமோ?" என வினவுந் தந்தையரும் சிலரல்லர். இரு சாராரும் அத்தொழிலின் இயல்பை உள்ளவாறு அறிந்தபின் வழக்காடுதல் நன்று.

திரையில் விழும் சினிமாப் படம் விநாடிக்கு 24 நிழற்படங்கள் என்னுங் கணக்கில் ஓடுகின்றது, நிமிடத்துக்கு 1,440. ஒரே சித்திரத்தை இருமுறை படம்பிடித்து, விநாடிக்கு 12 சித்திரங்களோடு அமைதல் பழைய வழக்கம். இவ்வாறு சிக்கனஞ் செய்யினும் பத்து நிமிடப் படத்துக்கு 7,200 சித்திரங்கள் வேண்டும். பிரான்சியராகிய எமில் கோல் 1908இல் இரண்டு நிமிடமும் நிரம்பாத ஒரு படத்துக்கு ஏறக்குறைய 700 சித்திரங்களைத் தம் கையாலேயே வரைந்தார். 1937இல் வோல்ட் டிஸ்னியின் 'ஸ்னோ வைட்' 83 நிமிடம் ஓடியபோது அவ்வேலை நூற்றுக்கணக்கானோர் கைகளுக்குப் பகிரப்பட்டிருந்தது. ஒரு தனிமனிதனின் கலை பெருந்தொழிற்சாலையாக மாறியது இந்த எண்ணிக்கையாலேயே.

சித்திரம் அழகாயிருந்தாற் போதும் என எண்ணுதல் புதியோர் செய்யும் முதற்பிழை. மாடியிலிருந்து பந்தொன்று விழுவதைச் சித்திரிக்க வேண்டுமெனக் கொள்வோம். பந்தைச் சம இடைவெளிகளில் வரைந்தால் அது விழுவதாகத் தோன்றாது. நூலிற் கட்டி யாரோ மெல்ல இறக்குவதாகவே தோன்றும். விழும் பொருள் சம நேரங்களிற் கடக்கும் தூரங்கள் 1, 3, 5, 7 என்னும் விகிதத்தில் வளர்வதைப் பௌதிக வகுப்பிற் கற்றோம் அல்லவா? அவ்விகிதத்தில் இடைவெளிகளை விரித்து வரைந்தால், வட்டம் எத்துணைக் கோணலாயிருப்பினும், பந்து பாரமுடையதாகி விழும். நிலத்தைத் தொடுங் கணத்திற் சற்றுத் தட்டையாக்கினால் அது இறப்பர்ப் பந்து. தட்டையாக்காதுவிட்டால் இரும்புக் குண்டு. அசைவுக்கு முன் அதற்கெதிரான ஒரு சிற்றசைவு உண்டென்பதும் இவ்வாறே கண்டறியப்பட்ட விதி. துடுப்பை முன்னே வீசுமுன் பின்னே உயர்த்தாத துடுப்பாட்டக்காரர் எவர்? அப்பின்னசைவை வரைய மறந்தால் அடி பொய்யாகிவிடும். ஆதலின் இத்தொழிலுக்குக் கைத்திறனினும் கண்திறனே முதன்மையானதென்பது என் கருத்து.

டிஸ்னி இதனை நன்குணர்ந்திருந்தார். 1932இல், லொஸ் ஏஞ்செல்ஸ் நகரின் ஷுனார்ட் கலைப் பள்ளி ஆசிரியராகிய டொன் கிரகாம் என்பவரை வருவித்துத் தம் சித்திரகாரருக்கு மாலை வகுப்புகள் நடத்துவித்தார். ஏற்கெனவே சம்பளம் பெற்றுத் தொழில் புரிந்தோர் மீண்டும் மாணவராய் அமர்ந்து மனித உடலையும் அதன் அசைவையும் கற்றனர். 1942இல் வெளிவந்த 'பாம்பி' படத்தை ஆக்குங்கால், மான்குட்டிகள் இரண்டினை வெகுதூரத்திலிருந்து கொணர்ந்து சித்திரக்கூடத்திலேயே வளர்த்தனர். மானின் முழங்கால் எவ்வாறு மடிகின்றதென்று கேட்டறிதல் ஒன்று. நாள்தோறும் அருகிருந்து காண்டல் வேறொன்று.

இனித் தொழிலின் படிவரிசையைக் கூறுவாம். தேர்ந்த சித்திரகாரர் ஓர் அசைவின் முக்கிய நிலைகளை மட்டும் வரைவார். அந்நிலைகளுக்கு இடைப்பட்டவற்றை வரைந்து நிரப்புபவர் இடைச்சித்திரகாரர். புதிதாகச் சேர்பவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் இவ்வேலையே. இங்குத் தமது கற்பனைக்கு இடமில்லை. பிறருடைய கோட்டைப் பிறருடையதாகவே தொடர வேண்டும். ஆண்டுக்கணக்கில் இப்படியில் நின்றோர் பலர், மேலேறியோர் சிலர். பெண்களுக்கோ இப்படியும் எட்டாதிருந்தது. 1930களில் டிஸ்னி கூடத்திற் சேர்ந்த பெண்களிற் பெரும்பாலோர் கோடுகளை மைதீட்டவும் வர்ணமிடவுமே அமர்த்தப்பட்டனர். ரெட்டா ஸ்கொட் என்னும் பெண்மணி 'பாம்பி'யில் வரும் வேட்டைநாய்களின் பாய்ச்சலைச் சித்திரித்து, அக்கூடத்தின் படத்தில் அசைவுச் சித்திரகாரராகப் பெயர் பொறிக்கப்பெற்ற முதற் பெண்ணானார். சம்பளத்திலும் ஏற்றத்தாழ்வு மிக இருந்தது. 1941 மே மாதத்தில் அங்கு மூண்ட வேலைநிறுத்தத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

அடிப்படியிலிருந்து எழுந்தோருள் யப்பானியராகிய ஹயாவோ மியசாகியின் வரலாறு சுவையானது. அவர் பல்கலைக்கழகத்திற் கற்றது ஓவியமன்று, அரசியலும் பொருளியலும். 1963இல் டோயி நிறுவனத்தில் இடைச்சித்திரகாரராகச் சேர்ந்தார். 1965இல் வெளிவந்த கலிவர் படமொன்று உருவாகுங்கால், அதன் முடிவு அவருக்குத் திருப்தி தரவில்லை. இயந்திரப் பொம்மையாகக் காட்டப்பட்ட இளவரசியின் உள்ளிருந்து ஒரு மனிதப் பெண் வெளிப்படட்டும் என்று யோசனை கூறினார். கடைநிலை ஊழியரின் அந்த யோசனை ஏற்கப்பட்டது! கதை முழுவதையும் மனத்திற் கொண்டு தம் சிறுபகுதியை அவர் வரைந்தார் என்பதற்கு இதுவே சான்று. பிற்காலத்தில் அவர் இயக்கிய இரு படங்கள் 2003இலும் 2024இலும் ஒஸ்கார் பரிசு பெற்றன.

எமது அயலிலும் ஓர் உதாரணம் உண்டு. இந்திய அரசின் பிலிம்ஸ் டிவிஷனில் 1956இல் ஒரு சித்திரப்படப் பிரிவு தொடங்கிற்று. டிஸ்னி கூடத்திற் பணியாற்றிய கிளேர் வீக்ஸ் அங்கு பயிற்சியளித்தார். ஜாதகக் கதையொன்றைத் தழுவிய மான்கதைப் படம் 1957இல் அவர் வழிகாட்டலில் உருவானது. அவரிடம் பயின்ற ராம் மோகன் இரசாயனம் கற்றவர். அவரே பின்னர், யப்பானியராகிய யூகோ சாகோவுடன் இணைந்து இராமாயண சித்திரப்படத்தை இயக்கியோருள் ஒருவரானார். பொருளியல் கற்றவரும் இரசாயனம் கற்றவரும் இத்தொழிலில் முன்னணிக்கு வந்தமை, கலைப்பாடம் எடுக்காத மாணவர் கருதத்தக்கது.

இன்றைய நிலை வேறு. 1995இல் 'டோய் ஸ்டோரி' முழுவதுங் கணினியாலேயே ஆக்கப்பட்டு வெளிவந்தது. அத்தகைய படங்களில் இரு நிலைகளுக்கு இடைப்பட்டவற்றைக் கணினி தானே நிரப்பிவிடும். ஆனால் இடைவெளியை எங்கே நெருக்குவது, எங்கே விரிப்பது என்று மனிதனே கட்டளையிட வேண்டும். இல்லையேல் நூலிற் கட்டிய பந்துதான். கையால் வரையும் யப்பானியப் படங்களின் இடைச்சித்திரங்களிற் பெரும்பகுதி கொரியா, சீனா, பிலிப்பைன்ஸ் முதலிய நாடுகளுக்குக் கூலிக்கு அனுப்பப்படுகின்றது. எழுத்தில் விவரித்தால் அசையும் படத்தையே தரும் இயந்திரங்களும் அண்மையில் வந்துவிட்டன. இவற்றால் முதலில் ஆட்டங்காண்பது அடிப்படியே என அஞ்சுகின்றேன். மியசாகி ஏறிய ஏணியின் முதற்படி நாளை இருக்குமோ என்பதே தந்தையர் கேட்கத்தக்க கேள்வி. சீவிக்கலாமோ என்பதன் உண்மைப் பொருள் இதுவே.

எனினும் வேறொரு வழி திறந்துள்ளது. லத்வியா இருபது இலட்சத்துக்கும் குறைந்த மக்கள்தொகையுடைய நாடு. அந்நாட்டு இளைஞராகிய கின்ட்ஸ் சில்பலோடிஸ் 2019இல் வெளியிட்ட தமது முதல் முழுநீளப் படத்தைத் தனியொருவராகவே ஆக்கினார். அடுத்த படமாகிய 'புளோ' ஒரு பூனையின் கதை; அதில் உரையாடல் ஒன்றுமில்லை. பிரான்சு, பெல்ஜியம் நாடுகளின் கூட்டுறவோடு, விலையின்றிக் கிடைக்கும் பிளெண்டர் என்னும் மென்பொருளைக் கொண்டு ஆக்கப்பட்ட அப்படம் 2025இல் ஒஸ்கார் பரிசு பெற்றது. அதே மென்பொருளை யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் இருந்து எவரும் பெறலாம்.

சித்திரக்கூடங்கள் வேலை கேட்டு வருவோரிடம் காண விரும்புவது அழகிய முகங்களின் தொகுதியன்று, அசைவையே. ஆதலின் பந்தில் தொடங்குக. அதன்பின் பழைய பயிற்சியொன்றுண்டு: பாதி நிரம்பிய கோதுமைமா மூட்டையொன்றை, கண்ணும் வாயும் இடாமல், மகிழச் செய்க, துயருறச் செய்க, படியேறிக் களைக்கச் செய்க. பத்து விநாடிக்கு 120 சித்திரங்கள் போதும். ஒரு தவணை விடுமுறைக்குள் ஒருவர் தனியே முடிக்கத்தக்க வேலை அது.